அவார்டு வாங்குனவரும் தூங்கிட்டு இருந்தவரும்

உணவு தயாரிக்கிற ஃபேக்டரில ப்ரொடக்‌ஷன் சைடுல சில வருஷம் குப்ப கொட்டுனவன் நான். அங்க ஒரு வருஷம் "வேஸ்ட் கம்மியா காட்டுற டீமுக்கு அவார்டு"ன்னு போர்டுல எழுதி ஒட்டுனோம். ஐடியா குடுத்த புத்திசாலி நான்தான்.

முதல் மாசமே நம்பர் சரசரன்னு இறங்குச்சு, எனக்கு தலகால் புரியல. அடுத்த மாசம் கழிவுநீர் ப்ளான்ட் பாக்குறவர் ரிப்போர்ட்ட தூக்கிட்டு வந்து நின்னாரு, சார் உங்க பக்கத்துல இருந்து வர தண்ணில சிஓடி (தண்ணில எவ்வளவு அழுக்கு கலந்திருக்குன்னு காட்டுற அளவு) ஏறிட்டே போகுது, என்ன பண்றீங்கன்னு. வேஸ்ட் குறைஞ்சா அந்த லோடும் குறையணும்ல? போய் பாத்தா, மெஷின்ல தங்குற மிச்சத்த அள்ளி எடை போட்டு எழுதறத விட்டுட்டு ஹோஸ் புடிச்சு ட்ரெய்னேஜ்ல தள்ளி விட்டிருக்காங்க. எடை போட்டாதானே அது வேஸ்ட். திட்டலாம்னு போனேன், வாய் வரல, நாம கேட்டது கம்மியான நம்பர், அத கரெக்டா குடுத்துட்டாங்க.

இதுக்கு நடுவுல நைட் ஷிஃப்ட்ல சிஐபி பாக்குற அண்ணன் ஒருத்தர் இருந்தாரு. பைப்ப கழட்டாம உள்ளுக்குள்ளயே கழுவுறது, தெரிஞ்சிருக்கும், முதல்ல தண்ணி விட்டு அலசி, அப்புறம் காஸ்டிக் சோடா, திரும்ப அலசல், ஆசிட், கடைசியா நல்ல தண்ணி. அந்த கடைசி அலசல் தண்ணி கிட்டத்தட்ட சுத்தமாத்தான் இருக்கும், எங்க ப்ளான்ட்ல அது நேரா ட்ரெய்னேஜுக்கு போயிட்டு இருந்துச்சு. அத ஒரு டேங்க்ல புடிச்சு வச்சு அடுத்த கழுவலோட முதல் அலசலுக்கு விடலாமேன்னு அவர் ரெண்டு தடவ சொல்லிருக்காரு, பல ப்ளான்ட்டுல சாதாரணமா செய்றதுதான். "கடைசி அலசலுக்கு மட்டும் இத தொடக்கூடாது சார், ரொம்ப நேரம் டேங்க்ல கெடக்கவும் விடக்கூடாது, கிருமி வளந்துரும்"னு எச்சரிக்கையும் அவரே சொன்னாரு. நாங்க பாக்கலாம் பாக்கலாம்னோம்.

ஆறு மாசம் கழிச்சு ப்ராஜெக்ட் டீம் அதே விஷயத்த ட்ராயிங் போட்டு பிபிடி காட்டுச்சு, டேங்க் வந்துருச்சு, தண்ணி செலவு நல்லாவே குறைஞ்சுது. அவார்டு ஃபங்ஷன் காலைல பதினோரு மணிக்கு. ஸ்க்ரீன்ல பெருசா, 2022ல உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாப்போச்சு, ஐநா கணக்குன்னு போட்டாங்க. (கணக்கு சரிதான், ஆனா அது வீடு, சாப்பாட்டு கடை, சில்லறை கடை மூணோட கணக்கு, அதுலயும் 60 சதவீதம் வீடு, ஃபேக்டரி அதுல வரவே வராது. யாரும் கேக்கல, எல்லாரும் கை தட்டுனோம்.) ட்ராயிங் போட்ட இன்ஜினியர் ஸ்டேஜ்ல ஏறுனாரு. அண்ணன் நைட் முடிச்சு வீட்ல தூங்கிட்டு இருந்தாரு, லிஸ்ட்ல அவர் பேரே இல்ல, அந்த லிஸ்ட்ல கையெழுத்து போட்டது நான்.

இன்ஜினியர் மேல தப்பில்ல, அவர் வேலைய அவர் நல்லாத்தான் செஞ்சாரு. அன்னைக்கு நைட்டே நான் ப்ளான்ட்டுக்கு போய் அண்ணன்கிட்ட மன்னிப்பு மாதிரி ஏதோ இழுத்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு, கோபமே இல்லன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அது கெடக்கட்டும் சார், அந்த டேங்க் வால்வு கசியுது, நாலு தடவ எழுதிட்டேன், எப்ப மாத்துவீங்க?"

மறுநாளே மாத்துனோம், வேற என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு இருக்குறது. அதுக்கப்புறம் கம்மி நம்பருக்கு அவார்டு குடுக்குறத நிறுத்திட்டேன், வேஸ்ட் எங்க போகுதுன்னு காட்டுறவங்க பேர எழுத ஆரம்பிச்சோம். யார் என்ன சொன்னாலும் ஒரு வாரத்துல பதில், முடியாதுன்னா ஏன் முடியாதுன்னும் சேத்து. எதா இருந்தாலும் ஷிஃப்ட் மாறுற நேரத்துல, ரெண்டு ஷிஃப்ட் ஆளுங்களும் நிக்கிறப்பதான் சொல்றது. எதிர்பாத்த மாதிரியே மூணு மாசம் வேஸ்ட் நம்பர் ஏறுச்சு, மேலருந்து ஃபோன் வந்துச்சு, அது ஏறல சார் இப்பதான் தெரியுதுன்னு சொல்லி புரிய வைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

அண்ணன் அடுத்து ஒரு பேப்பரோட வந்தாரு. லைன் நிக்கிற நேரத்துலதான் கம்ப்ரஸர் காத்து போற பைப்புல ஏர் லீக் உஸ்ஸுன்னு சத்தம் கேக்கும், பகல்ல மெஷின் இரைச்சல்ல தெரியாது, அதனால ராத்திரி சுத்தி வந்து எழுதிருக்காரு. மொத்தம் பதினோரு இடம். அதுல ரெண்டு, நான் தினமும் நின்னு மீட்டிங் போடுற இடத்துக்கு நேர் மேல.