லேப்ல ட்ராக் போட்டாங்க, ரிப்போர்ட் சீக்கிரம் வந்துச்சா? என் அனுபவம்

நான் பயோகெமிஸ்ட்ரி லேப் டெக்னீஷியன். எங்க லேப்ல ஆட்டோமேஷன் ட்ராக், அதாவது ரத்த ட்யூப்ப தானா மெஷினுக்கு மெஷின் கொண்டு போற பெல்ட், மாட்டின நாள்ல இருந்து கூடவே நின்னு பாத்தவன், உங்க லேப்லயும் இது வரப்போகுதுன்னா உதவும்னு எழுதறேன்.

ஜப்பான்ல கோச்சி மெடிக்கல் ஸ்கூல்ல மசாஹிடே சசாகி 1980கள்லயே கன்வேயர் பெல்ட்ல சாம்பிள் ஓட விட்டு லேப் நடத்திக் காட்டினவர், அதையெல்லாம் படிச்சுட்டு எங்களுக்கும் ரொம்ப ஆசை. ஆனா முதல் மாசம் டர்ன்அரவுண்ட் டைம், அதாவது சாம்பிள் வந்து ரிப்போர்ட் போற வரைக்கும் ஆகற நேரம், அசையவே இல்ல. சரின்னு ரத்தம் எடுத்த நேரம், லேப்புக்கு வந்த நேரம், ரிசல்ட் வந்த நேரம், ரிலீஸ் ஆன நேரம் நாலையும் சாஃப்ட்வேர்ல இருந்து எடுத்துப் பாத்தா, டெஸ்ட் பண்ற மெஷின், அதான் அனலைசர், பழசும் வேகமாத்தான் ஓடியிருக்கு, நேரம் போனதெல்லாம் அதுக்கு முன்னாடியும் பின்னாடியும். வார்டுல ட்ரே நிறையற வரைக்கும் வச்சிருந்து மொத்தமா கொண்டு வந்து இறக்குவாங்க, ட்ராக் வாசல்லயே க்யூ. சாதாரண சீரம் ட்யூப் உறையவே 30 நிமிஷம் ஆகும், அப்புறம் 10 நிமிஷம் சென்ட்ரிஃபியூஜ், இத ரோபோ என்ன பண்ணும்? அவசர டெஸ்ட்டுக்கு மட்டும் ரத்தம் உறையாம தடுக்கற லித்தியம் ஹெப்பாரின் ட்யூப் மாத்தினோம், பிளாஸ்மாங்கறதால உறையக் காத்திருக்க வேணாம், அப்பதான் முதல் தடவையா நேரம் குறைஞ்சுது.

அடுத்தது பார்கோடு. முன்னாடி கோணலா ஒட்டியிருந்தாலும் நாம கையில எடுத்து படிச்சுடுவோம், ட்ராக் அத படிக்காம எரர் லேன்ல தள்ளிட்டு அடுத்த ட்யூபுக்கு போயிடுது. ஒரு ராத்திரி நெஞ்சுவலின்னு வந்தவரோட ட்ரோபோனின் (மாரடைப்பான்னு பாக்கற டெஸ்ட்) சாம்பிள் அப்படியே கிடந்துச்சு, 60 நிமிஷத்துக்குள்ள போக வேண்டிய ரிசல்ட், டாக்டர் போன் பண்ணப்புறம்தான் எங்களுக்கே தெரிஞ்சுது. அவருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா எனக்கு அன்னிக்கு தூக்கமே வரல. மறுநாள்ல இருந்து ஒவ்வொரு ஷிஃப்ட்லயும் எரர் லேன் பாக்கறதுக்குன்னே ஒருத்தர், ட்யூப்ல நேரா ஒட்டறது எப்படின்னு வார்டு வார்டா போய் நர்ஸ்களுக்கு காட்டினோம்.

உண்மையான மாத்தம் ஆட்டோவெரிஃபிகேஷன்லதான் வந்துச்சு, அதாவது நாம எழுதி வச்ச ரூல்படி சரியா இருக்கற ரிசல்ட்ட சாஃப்ட்வேரே ரிலீஸ் பண்றது. அதுவரைக்கும் நார்மல் ரிசல்ட் கூட யாராவது பாத்து ஓகே பண்ற வரைக்கும் ஸ்க்ரீன்ல நிக்கும். ரூல் எழுதறது லேசான வேலை இல்ல, பொட்டாசியம் அதிகமா வந்தா ரத்தம் ஹீமோலைஸ் ஆனதாலயா (சிவப்பணு உடைஞ்சு உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய வர்றது) நிஜமாவே அதிகமாங்கறது, போன தடவை ரிசல்ட்டோட எவ்வளவு வித்தியாசம் இருந்தா நிறுத்தணும்ங்கறது, ஒவ்வொண்ணையும் டாக்டரோட உக்காந்து பேசி, பழைய ரிசல்ட்ட ஓட்டிப் பாத்துதான் ஆன் பண்ணோம். இதுல அவசரப்படாதீங்க, தப்பான ரிசல்ட் வேகமா போறதுக்கு லேட்டாவே போகலாம்.

இன்னொண்ணு, சராசரிய மட்டும் பாக்காதீங்க. எங்க சராசரி கொஞ்சம்தான் இறங்குச்சு, ஆனா மணிக்கணக்கா தங்கிப்போற சாம்பிள் நல்லா குறைஞ்சிருக்கு, வார்டுல இருந்து போன் வர்றது அதுலதான் குறைஞ்சுது. இப்ப நேரத்த சாம்பிள் லேப்புக்கு வந்ததுல இருந்து எண்ணாம ஊசி குத்தினதுல இருந்து எண்ண ஆரம்பிச்சிருக்கோம். ட்ரே நிறையற வரைக்கும் வைக்காம கையோட அனுப்புங்கன்னு ரெண்டு வார்டுல ஒத்துக்கிட்டாங்க, மத்தவங்ககிட்ட பேசிட்டிருக்கோம்.