வைட்டமின் பாடம்: பட்டியலை விடுங்கள், விலங்கைப் பிடியுங்கள்

கால்நடை டிப்ளோமா முதல் ஆண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் சிலர் வைட்டமின் பாடம் மண்டையில் ஏறவே மாட்டேன் என்கிறது என்று புலம்புகிறார்கள். கோலாலம்பூர் செந்தூலில் வாடகை அறையில் உட்கார்ந்து நான் படித்த விதத்தைச் சொல்கிறேன், சரிப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரையும், பி வகைகளும் சி-யும் நீரில் கரையும், அவ்வளவுதான் பட்டியல், அதை ஒரே மூச்சில் முடித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு விலங்கையும் எடுத்து, இது எந்த வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்று கேளுங்கள். மாட்டுக்கும் ஆட்டுக்கும் ரூமனில் (முதல் இரைப்பையில்) இருக்கும் நுண்ணுயிர்கள் பி வகைகளையும் கே-யையும் செய்து கொடுத்துவிடும், ஆனால் பி12 செய்யக் கோபால்ட் என்ற தாது வேண்டும், வினாத்தாள் போடுபவருக்கு இது பிடித்த பொறி. கினிப் பன்றிக்குச் சி தீவனத்தில் வந்தாக வேண்டும். பூனை கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை ஏ-யாக மாற்றாது. சந்தேகமிருந்தால் மளிகைக் கடையில் பூனைத் தீவனப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள், வைட்டமின் ஏ, டி3 என்று தனியாகச் சேர்த்திருப்பார்கள். டி-யில் டி2, டி3 என்று இரண்டு வடிவங்கள் உண்டு; கோழிக்கும் டி3தான், டி2 அவ்வளவாக உதவாது.

குறைபாட்டைப் பெயரைச் சொல்லிக் கேட்கமாட்டார்கள், அறிகுறியைத்தான் கொடுப்பார்கள். குஞ்சின் விரல்கள் உள்ளே சுருண்டு, கால் மூட்டை ஊன்றி நகர்கிறதா, பி2. கழுத்து பின்னால் வளைந்து வானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறதா, பி1. நான் இவற்றைக் கோணல்மாணலாக வரைந்து சுவரில் ஒட்டிவைத்தேன், ஓவியம் சகிக்காது, ஆனால் மறக்கவில்லை.

பி1 வந்தால் ஊர்க்கதையையும் சேர்த்துப் படியுங்கள். பத்தேவியாவில் (இன்றைய ஜகார்த்தா) ஐக்மான் என்ற டச்சு மருத்துவர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்குக் கால் விளங்காமல் போனதைக் கவனித்தார், 1929இல் நோபல் பரிசும் வாங்கினார். அதே விஷயத்தை 1905இல் நம் கோலாலம்பூர் மனநல விடுதியில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் மனிதர்களிடம் சோதித்தார்: ஒரு பிரிவுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கலரிசி. பி1 குறைந்தால் வரும் பெரிபெரி வந்தது வெள்ளை அரிசிக்காரர்களுக்கு. புழுங்கலரிசி சாப்பிட்ட நம் தோட்டத் தொழிலாளர்களிடம் அந்த நோய் குறைவாக இருந்ததையும் அப்போதைய மருத்துவர்கள் கவனித்திருந்தார்கள். காரணம் கேட்டால், நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்று எழுதுங்கள். (எங்கள் பாட்டி பச்சரிசியைப் பொங்கலுக்கு மட்டும்தான் வெளியே எடுப்பார்.)

கொழுப்பில் கரைபவை உடம்பில் தங்கும் என்பதால் அளவு மிஞ்சினாலும் வம்புதான், ஈரலை மட்டுமே தின்று வளர்ந்த பூனைக்கு ஏ கூடிப்போய்க் கழுத்தெலும்பு இறுகிவிடும். ஈ வரும் பக்கத்திலேயே செலினியம் என்ற தாதுவையும் எழுதிவையுங்கள், ஆட்டுக்குட்டியின் வெண்தசை நோயில் இரண்டையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.