எங்கே வெட்டுவது?

“பரலெலெ… பைபெட்.” கிளிநொச்சி ரியூசன் கொட்டிலில் இன்று பின்னேரம் ஒரு பிள்ளை ‘parallelepiped’ என்ற ஆங்கிலக் கணிதச் சொல்லோடு மல்லுக்கட்டினாள்.

சரி, உடைத்துப் பார்ப்போம் என்று பலகையில் கோடு போட்டேன்: பரலெல் / எபி / பெட்.

கிரேக்கத்தில் ‘எபி’ மேல், ‘பெடொன்’ நிலம். சேர்ந்தால் தளம். சமாந்தரத் தளங்களால் அடைத்த பெட்டி! ‘எபி’யின் ‘எ’வில் அழுத்தினாள், சொல் வழுக்கிக்கொண்டு வந்தது.

அவள் முதலில் சொன்ன ‘பை’யையும் அகராதிகள் ஏற்கின்றன. அதைச் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

அப்புறம் டோ-டெக்-அ-ஹீ-ட்ரன் (dodecahedron), 12 முகங்கள் உள்ள திண்மம். ஐ-கோ-ச-ஹீ-ட்ரன் (icosahedron), 20 முகங்கள். இரண்டிலும் அழுத்தம் ‘ஹீ’யில்.

ஆங்கிலத்தில் கணிதம் படிக்கும் எங்கள் வன்னிப் பிள்ளைகளுக்கு நீளச் சொல்லை எங்கே வெட்டுவதென்று யார் காட்டுகிறார்கள்? சூத்திரத்துக்குப் பக்கத்திலேயே அசை பிரித்து அச்சடிக்கலாமே. ஒரு வரிதானே வேண்டும்.