பாலை பழுத்த வில்பத்து

ஜூன் 20, 2025, வெள்ளி

வவுனியாவில் இருந்து விடியமுன் புறப்பட்டோம். அண்ணை, மச்சாள், அக்காவின் மகன், நான். அனுராதபுரத்தில் பொசன் பௌர்ணமிக்கு வந்த சனம் கலைந்துவிட்டது. பந்தல் கம்புகள் மட்டும் வீதியோரம் கிடந்தன. புத்தளம் வீதியில் நொச்சியாகமவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் வில்பத்துப் பூங்காவின் ஹுனுவிலகம வாசல். பதிவுத்தாளைக் காட்டி, சீட்டு எடுத்து, கூடாரம், தண்ணீர்க் கலன்கள், அரிசி, பருப்பு, கருவாடு எல்லாவற்றையும் வாடகை ஜீப்பில் ஏற்றினோம். இரவில் எங்களோடு தங்கும் வனக்காவலர் முன் இருக்கையில் ஏறினார். சிங்களவர், கொஞ்சம் தமிழ் தெரிந்தவர். அண்ணை அவரைச் சிங்களத்தில் மரியாதையாக "மாத்தயா" என்றார். அவர் அண்ணையை "ஐயா" என்றார். கடைசிவரை அப்படியே போனது.

எங்களுடைய தலைமுறைக்கு வில்பத்து வெறும் பெயராகத்தான் இருந்தது. 1938 இல் தேசியப் பூங்காவாகிய இடம், 1,317 சதுர கிலோமீற்றர், இலங்கையில் இதைவிடப் பெரிய தேசியப் பூங்கா இல்லை. ஆனால் 1988 கடைசியில் சண்டையால் மூடினார்கள். 2003 இல் திறந்தார்கள். 2006 மே மாதம் கண்ணிவெடியில் சிக்கி, பார்க்க வந்தவர்கள் உள்ளேயே இறந்தார்கள். திரும்பவும் மூடி, சண்டை முடிந்தபிறகு 2010 இல் திறந்தார்கள். காடு என்றால் உள்ளே போகக்கூடாத இடம் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். இன்றைக்கு பதினாறு வயது மருமகன் ஜீப்பில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்து முகத்தில் காற்று வாங்குகிறான். எனக்கு அதைப் பார்க்கவே சந்தோசமாக இருந்தது.

இரவு

கூடாரம் போட்ட இடத்தில் இருந்து ஒரு சின்ன வில்லு தெரிகிறது. வில்லைக் குளம் என்று நினைத்துவிடக் கூடாது. யாரும் அணை கட்டவில்லை, வாய்க்கால் வெட்டவில்லை. சுண்ணாம்புக்கல் நிலத்தில் தானாக உண்டான பள்ளத்தில் மாரி மழை நின்றுவிடுகிறது, அவ்வளவுதான். சுற்றிவர வெள்ளை மணல், அதற்குப் பின்னால் புல், அதற்குப் பின்னால் காடு. கடற்பக்கத்தில் உள்ள சில வில்லுகளின் தண்ணீர் உப்பு. இப்போது கச்சான் காற்றுக் காலம், மழை கிடையாது. தண்ணீர் நாளுக்கு நாள் உள்ளே வாங்குகிறது. மான், பன்றி, நாரை, முதலை என்று எல்லாமே சுருங்கிவரும் அந்தக் கரைக்குத்தான் வந்தாக வேண்டும். இருட்டும் வரைக்கும் ஒரு முதலை மணலில் வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. பத்துப் பன்னிரண்டு மீற்றர் தள்ளிப் புள்ளிமான்கள் குனிந்து குடித்தன. ஒவ்வொரு மானும் குடித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி முதலையை ஒருதரம் பார்த்தது.

மச்சாள் சோறும் பருப்பும் வைத்தா, நான் கருவாடு சுட்டேன். ஆறு மணிக்குப் பிறகு கூடாரத்தடியை விட்டு விலகக்கூடாது என்பது சட்டம். தேய்பிறை, நிலவு எழும்ப நெடுநேரம் ஆகும். பக்கிக் குருவி ஒன்று கூப்பிடத் தொடங்கியது. சின்னக் கல் ஒன்று சிமெந்துத் தரையில் துள்ளித் துள்ளி ஓடி அடங்குகிற மாதிரி ஒரு சத்தம். அடங்கியதும் மற்றக் கரையில் இருந்து இன்னொன்று பதில் சொல்லும்.

ஜூன் 21, சனி

இன்றைய நாளைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும்.

நாங்கள் ஜூன் மாதத்தைத் தெரிவு செய்ததே பாலைப்பழத்துக்காக. வன்னியில் பிறந்த யாருக்கும் பாலை மரத்தை அறிமுகம் செய்யத் தேவையில்லை. வைரமான மரம், கறையான் இலேசில் தொடாது; ஒரு காலத்தில் தண்டவாளத்துக்குச் சிலிப்பர்க்கட்டை போட்டதும் இதில்தான். எல்லாம் காய்ந்து கிடக்கும் மாதங்களில் இது மட்டும் பழுக்கிறது. மஞ்சளாக, விரல்நுனி அளவில், தேன் இனிப்பு, தின்றால் உதடு பாலில் ஒட்டும். காட்டில் அந்த நேரம் இதைப் பெரிதாக நம்பியிருக்கிறது கரடி.

ஆறே முக்காலுக்குக் காவலர் சாரதியின் தோளைத் தொட்டார். ஜீப் நின்றது. முதலில் சத்தம்தான் கேட்டது: கிளை முறிகிற சத்தம், அப்புறம் சருகில் பழம் உதிர்கிற சத்தம். மரத்தடியில் மான்கள் சில விழுவதைப் பொறுக்கிக்கொண்டு நின்றன. மேலே பார்த்தால், இரண்டு பெருங்கிளை பிரிகிற இடத்தில் கரடி வசதியாக உட்கார்ந்திருந்தது.

வெளிறிய நிறத்து நீள நகங்கள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். வலது கையால் ஒரு கொப்பை வளைத்து இழுத்து, நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் முன்னால் நீட்டிப் பழங்களை உருவியது. அந்த உதடு தனியாக வேலை செய்கிறது. கரடிக்கு மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றில் இருந்து கறையானை உறிஞ்சும். உறிஞ்சும்போது மண் ஏறாமல் மூக்குத் துவாரங்களை மூடிக்கொள்ளும். கறையான் தின்னப் பிறந்த வாய் இப்போது பழம் உருவுகிறது. முடிந்த கொப்பை விட்டுவிட்டு அடுத்ததை எட்டிப் பிடித்தது. எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

நாற்பது நிமிடம் இருக்கும். சாரதி எஞ்சினை அணைத்துவிட்டார், அதற்கு அவருக்குப் பெரிய நன்றி. பச்சைப்புறாக் கூட்டம் ஒன்று மேல்கொப்புகளில் வந்து இறங்கியது. சாம்பல் இருவாச்சி ஒன்று பழத்தை அலகு நுனியில் பிடித்து, மேலே எறிந்து, தொண்டைக்குள் வாங்கியது. இருவாச்சியும் கரடியும் தின்னும் பழத்தின் விதை எச்சத்தோடு போய் வேறெங்கோ விழும். இந்தக் காட்டில் பாலை நட்டவர்கள் இவர்கள்தான்.

இறங்கும்போது கரடி பின்பக்கமாக இறங்கியது. அடிமரத்தைக் கட்டிப்பிடித்து, நகத்தால் பட்டையைக் கீறி, கடைசி ஆள் உயரத்தைச் சறுக்கி முடித்தது. காற்று மாறியிருக்க வேண்டும். மூக்கை உயர்த்தியது, "உஃப்" என்று ஒருதரம் ஊதியது, பற்றைக்குள் போய்விட்டது.

"சின்னனில் அப்பா சொன்னது ஞாபகம் இருக்கோ?" என்று அண்ணை கேட்டார். யானைக்கு ஒதுங்க நேரம் இருக்கு, கரடிக்கு ஒதுங்க நேரம் இல்லை என்பார் அப்பா. தேன் எடுக்கப் போய்க் கரடியிடம் முகத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தானோ என்னவோ, இலங்கைக் கரடிக்காகப் பேச ஆள் குறைவு. நாடு முழுக்க ஆயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். நான் பேசுவேன். இவ்வளவு சாந்தமாக ஒரு மிருகம் சாப்பிடுவதை நான் பார்த்ததில்லை.

பின்னேரம் சாரதிக்குப் போன் கோல் வந்தது: சிறுத்தை. போய்ப் பார்த்தால் ஜீப்புகள் வரிசை கட்டி நின்றன. நிழலில் வாலும் முதுகின் ஒரு பகுதியும் தெரிந்தன. எஞ்சின் சத்தமும் புழுதியும்தான் அதிகம். ஐந்து நிமிடத்தில் திரும்பச் சொன்னோம். சிறுத்தை அழகில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அதை மட்டும் தேடி ஓடுகிற ஜீப்புகள் பழுத்த பாலை மரங்கள் எத்தனையைத் தாண்டி ஓடின என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

நெடும்பயணம். மேற்கே கடற்கரை வரை போய்வந்தோம், முதுகு இன்னும் வலிக்கிறது. குதிரைமலை முனையில் மண் செம்பு நிறம். செங்குத்தாகக் கீழே இறங்கி மன்னார் வளைகுடாவில் முடிகிறது. முத்துக்குளிப்புக்குப் பேர்போன கடல். உரோமர்களின் எழுத்தில் வரும் ஹிப்புரோஸ் துறைமுகம் இதுதான் என்று பலர் கருதுகிறார்கள். அல்லிராணி கோட்டை கட்டி ஆண்ட இடம் என்பது எங்கள் பக்கத்துக் கதை. தெற்கே பொம்பரிப்பில் மண்ணுக்கடியில் முதுமக்கள் தாழிகள் கிடைத்திருக்கின்றன, ஆதிச்சநல்லூரில் கிடைத்தவற்றின் வகை. அந்தச் சனமும் வைகாசி, ஆனியில் பாலை மரத்துக்குக் கீழே நின்றிருப்பார்கள் என்றுதான் எனக்கு ஓடியது.

ஜூன் 23, திங்கள்

கூடாரம் கழற்றி, குப்பை முழுவதையும் உரைப்பையில் கட்டி, ஒன்பது மணிக்கு வெளியே வந்தோம். மருமகன் பாலை விதை நாலைந்து எடுத்துப்போகலாமா என்று காவலரைக் கேட்டான். "உள்ளேயிருந்து ஒன்றும் கொண்டுபோக ஏலாது தம்பி. கரடிக்கு வேணும்" என்றார் அவர்.

மதவாச்சியைத் தாண்டியதும் வீதியோரம் பாலைப்பழம் விற்றுக்கொண்டிருந்தார்கள். வண்டியை நிறுத்தினோம். வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்: ஏறிப் பறிப்பது கஷ்டம் என்று கொப்போடு வெட்டி விழுத்துகிறார்கள், சில இடத்தில் மரத்தையே தறிக்கிறார்கள். பாலை மெல்ல வளர்கிற மரம். ஒரு பெருங்கொப்பு திரும்பி வர ஒரு ஆளின் பாதி ஆயுள் போய்விடும்.

"எப்படிப் பறிச்சனீங்கள் அண்ணை?" என்று மருமகன் கேட்டான்.

"கொப்பு வெட்டித்தான் தம்பி. பின்னே எப்படி?"

பக்கத்துக் கடைக்காரப் பெடியன், தான் படங்கு விரித்துத் தடியால் உலுப்பி எடுத்ததாகச் சொன்னான். பழத்தில் தூசும் சருகும் கலந்திருந்தன, கொஞ்சம் நசிந்தும் இருந்தது. விலை அதேதான். அவனிடம் இரண்டு கிலோ வாங்கினோம். ஒரு கிலோ வீட்டுக்கு. மற்றதன் விதை முழுவதும் மருமகனின் பள்ளிக்கூடத்துக்கு. மதிலோரம் நட இடம் இருக்கிறதாம், அதிபரிடம் நாளைக்கே கேட்கிறானாம்.