செம்மஞ்சள் சுவரும் கனடா மாமாவும்

எங்கள் வீட்டு ஹோலுக்கு நிறம் தெரிந்தெடுத்தது கனடாவில் இருக்கிற மாமா. தங்கச்சியின் சாமத்தியவீட்டுக்குக் காசு அனுப்பினவர் அவர்தான், ஆகவே நிறமட்டையை வீடியோ கோலில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லி, கடைசியில் கண்ணைப் பறிக்கிற ஒரு செம்மஞ்சளில் வந்து நின்றார். எங்களுடையது இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டின 550 சதுர அடி வீடு. அதற்குள் இந்த நிறத்தை அடித்தால்? ஹோலில் வந்து இருக்கிறவர்கள் எல்லாரும் செங்கமாரி பிடித்தவர்கள் மாதிரித் தெரிந்தார்கள்.

ஐப்பசி மழை பிடிக்க முன்னம் கிரீம் நிறத்துக்கு மாற்றுவதென்று அம்மா முடிவெடுத்தார்.

பெயின்ரர் அண்ணை சுவரைப் பார்த்ததுமே, "ஐயா, இதுக்கு முதல் வெள்ளை அண்டர்கோட் அடிக்கோணும், இல்லாட்டிக் கீழ இருக்கிறது எட்டிப் பாக்கும்" என்றார். அப்பா விடுவாரா? ஒரு லீற்றர் எமல்ஷன் நூறு சதுர அடிக்கு மேல் வரும் என்று கணக்குப் போட்டு, கிரீமை மட்டும் அளவாக வாங்கி வந்தார். அடித்து முடிய, சுவர் கிரீமும் இல்லை செம்மஞ்சளும் இல்லை, பெயரே இல்லாத ஒரு ரோஸ். "காயட்டும், காய்ஞ்சால் வெளிச்சிடும்" என்று அப்பா கதிரையைப் போட்டுக் காவல் இருந்தார். எமல்ஷனோ ஈரத்தில்தான் வெளிறித் தெரியும், காயக் காய ஒரு படி கறுக்கும். பெயின்ரர் அண்ணை ஒன்றும் சொல்லாமல் பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டிருந்தார், அந்த மரியாதை எல்லாருக்கும் வராது. பிறகு அண்டர்கோட் வந்தது, கிரீம் இன்னும் ஒரு வாளி வந்தது, சுவரும் ஒருவழியாக வெளித்தது.

சரி, மாமாவுக்கு யார் சொல்வது? ஒருவரும் சொல்லவில்லை. அலுமாரிக்குப் பின்னால் இருந்த துண்டை மட்டும் அடிக்க வேண்டாம் என்று அம்மா மறித்தது ஏனென்று அப்போதுதான் விளங்கியது. இப்போது மாமா கோல் எடுத்தால் அப்பாவும் நானும் அலுமாரியைத் தள்ளுவோம், அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு அந்தச் செம்மஞ்சள் துண்டுக்கு முன்னால் போய் இருப்பார்.

போன கிழமை மாமா உற்றுப் பார்த்துவிட்டு, "பாத்தியே அக்கா, இன்னும் மங்கேல்ல! வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்கு வாறன், அறைக்கும் இதையே அடிப்பம்" என்றார்.

"ஓமடா தம்பி" என்ற அம்மா, சிக்னல் இல்லையென்று கோலை வெட்டிவிட்டார்.