மாதம் 18.36 யூரோவுக்கு ஒட்டுக்கேட்பது

நான் காதால் கற்றுக்கொள்கிற ஆள் இல்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லும்போது ஒன்றும் ஏறாது. வீட்டுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால்தான் புரியும். வாட்ஸ்அப்பில் யாராவது வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இன்றைக்கும் எரிச்சல்தான், நாலு வரி டைப் பண்ணினால் என்ன என்று தோன்றும். அப்படிப்பட்டவள் இப்போது பாட்காஸ்ட் ஓடாமல் பாத்திரம் கழுவுவதில்லை. ஊரில் இருக்கிற தங்கைக்கு இது பெரிய ஆச்சரியம்.

ஆரம்பித்து வைத்தது ஒரு கட்டணக் கடிதம். ஜெர்மனியில் வீடு பிடித்து, அன்மெல்டுங் என்கிற முகவரிப் பதிவை முடித்த கொஞ்ச நாளில் அந்தக் கடிதம் தபாலில் வந்துவிடும். நாம் யாருக்கும் சொல்ல வேண்டாம், பதிவு அலுவலகத்திலிருந்தே விவரம் போய்விடும். ருண்ட்ஃபுங்க்பைட்ராக் என்று பெயர், பொது ஒலிபரப்புக்கான கட்டணம். மாதம் 18.36 யூரோ, மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 55.08. எங்கள் வீட்டில் டிவி கிடையாது, ரேடியோ கிடையாது என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க முடியாது. 2013 முதல் கருவிக் கணக்கு போய், வீட்டுக்கு இவ்வளவு என்று ஆகிவிட்டது. நாலு பேர் ஒரே வீட்டில் சேர்ந்து இருந்தால் ஒருவர் கட்டினால் போதும். நான் தனியாக இருந்தேன், அதனால் முழுவதும் என் தலையில்.

ஏஆர்டி, ஸெட்டிஎஃப், டாய்ச்லாண்ட்ராடியோ என்கிற பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன. சரி, காசு கொடுத்தாச்சு, கேட்காமல் விடுவதா? கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுச் சாப்பிடாமல் வருகிற பரம்பரையா நாம்? ஏஆர்டியின் ஆடியோ செயலியை ஃபோனில் இறக்கினேன். ஆர்வம் கொஞ்சமும் இல்லை. கொடுத்ததைத் திரும்ப வசூல் பண்ண வேண்டும் என்கிற எண்ணம் மட்டும்தான்.

எனக்கு ஜெர்மன் தேவைப்படாத வேலை. மென்பொருள் சோதனைப் பிரிவு, மீட்டிங் முதல் மெயில் வரை எல்லாம் இங்கிலீஷ். எங்களைப் போல நீலக் கார்டில், அதாவது படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், வருகிற பலர் வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டிவிடுகிறார்கள். ஆனால் ஆபீஸ் வாசலைத் தாண்டினால் நிலைமை வேறு. திருநெல்வேலியில் நான் யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஜங்ஷனில் பஸ் ஏறி பாளை பஸ் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் எந்த டாக்டர் கைராசிக்காரர், எந்தக் கடையில் தங்கம் வாங்கக் கூடாது, யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போயிருக்கிறாள் என்பதெல்லாம் தானாகக் காதில் விழுந்துவிடும். ஒரு ஊரில் வாழ்வது என்றால் பாதி அதுதான் என்று இங்கே வந்த பிறகுதான் தோன்றியது. நான் இருக்கிற நியூரம்பெர்க்கின் யு-பானில், அதாவது மெட்ரோ ரயிலில், அப்படி ஒன்றும் விழவில்லை. முதல் காரணம், ஜனங்கள் மெதுவாகப் பேசுகிறார்கள், பாதிப் பேர் பேசுவதே இல்லை. யு2, யு3 ரயில்களில் டிரைவர்கூடக் கிடையாது. ஜெர்மனியில் முதன்முதலாக டிரைவரில்லாமல் ஓடியது 2008-இல் இங்கே வந்த யு3தான். இரண்டாவது காரணம், பேசினாலும் எனக்குப் புரியவில்லை.

முதலில் கேட்டது, வெளிநாட்டு நேயர்களுக்கான ஜெர்மன் ஒலிபரப்பான டாய்ச வெல்லேயின் மெதுவாக வாசிக்கும் செய்தி. மொழி கற்கிறவர்களுக்காகவே ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி வாசிப்பார்கள், எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். படித்தால்தான் ஏறும் என்கிற என் மண்டைக்கு அது தோதாக இருந்தது. ஒரு தடவை வாசித்துவிட்டுக் கேட்பேன், அப்புறம் வாசிக்காமல் கேட்பேன். இதில் ஒரு வேடிக்கை: டாய்ச வெல்லே நடப்பது என் 18.36 யூரோவில் இல்லை, மத்திய அரசின் வரிப்பணத்தில். ஆக, வசூல் கணக்கில் அது சேராது. ஆனாலும் அதுவும் சம்பளத்தில் பிடித்த வரிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

செய்தி சீக்கிரமே சலித்தது. மெதுவாக வாசிக்கிற குரலில் ஒரு சாமானிய மனுஷர் பேசவே மாட்டார். பையரிஷர் ருண்ட்ஃபுங்க் என்கிற பவேரிய வானொலியின் ‘ராடியோவிஸ்ஸன்’ நிகழ்ச்சிக்கு மாறினேன். வரலாறு, இலக்கியம், அறிவியல் என்று ஒரு எபிசோடுக்கு ஒரு விஷயம், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். வேகத்தை 0.75-இல் வைத்துக் கேட்டேன். அந்த வேகத்தில் பெரிய பேராசிரியர்கள்கூடப் போதையில் உளறுவதுபோல் இருக்கும், ஆனால் சொல் பிரிந்து கேட்கும். அப்போது ஒன்றைக் கவனித்தேன். ஜெர்மனில் நீளமான துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில்தான் வரும். இங்கிலீஷ் வழியாக யோசிக்கிற சக ஊழியர்கள் இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்புவார்கள். எனக்கு அது கஷ்டமாகவே இல்லை. என்ன செய்தான் என்பதைக் கடைசி வரைக்கும் சொல்லாமல் இழுத்துக்கொண்டு போவது நம் வீட்டுப் பழக்கம்தானே.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது காஸ்பர் ஹவுசர் கதை. 1828 மே 26, பெந்தெகொஸ்தே திங்கட்கிழமை. நியூரம்பெர்க்கின் உன்ஷ்லிட் சதுக்கத்தில் பதினாறு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் தடுமாறிக்கொண்டு வந்து நிற்கிறான். கையில் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்கு எழுதிய கடிதம். அப்பாவைப் போலக் குதிரைவீரன் ஆக வேண்டும் என்கிற மாதிரி ஒன்றிரண்டு வாக்கியங்களைத் தவிர வேறு பேச்சில்லை. எங்கிருந்து வந்தான், யார் வளர்த்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. இருட்டறையில் அடைத்து வளர்க்கப்பட்டதாகப் பிற்பாடு அவனே சொன்னான். பாடன் அரச குடும்பத்திலிருந்து களவு போன இளவரசன் என்று ஐரோப்பா முழுக்கப் பேச்சு. 1833 டிசம்பரில் அன்ஸ்பாக்கில் கத்திக்குத்துப் பட்டு மூன்றாம் நாள் செத்துப்போனான். குத்தியது வேறொருவனா, தானே குத்திக்கொண்டானா என்பதும் இன்றுவரை சண்டை. 2024-இல் வந்த டி.என்.ஏ. ஆய்வு இளவரசன் கதையை மட்டும் முடித்து வைத்துவிட்டது.

கையில் ஒரு காகிதம், வாயில் இரண்டு வாக்கியம், எதிரே நிற்கிற ஊர்க்காரர்கள் எல்லாரும் நெற்றியைச் சுருக்கிப் பார்க்கிறார்கள். பதிவு அலுவலகத்தின் முன் நான் நின்ற கோலமும் அதேதான். அந்தச் சதுக்கத்தை ஏற்கெனவே எத்தனையோ தடவை கடந்து போயிருக்கிறேன், பெக்னிட்ஸ் ஆற்றுப் பக்கம் நடக்கிற வழி. அன்றைக்கு வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போனேன்.

எங்கள் கட்டடத்தில் மேல் மாடியில் எண்பது வயதை ஒட்டிய ஒரு பாட்டி இருக்கிறார். படியில் பார்த்தால் காலையில் வணக்கம், போகும்போது ‘அடே’ என்று விடை. அதோடு முடிந்துவிடும். மறுநாள் அவரிடம், ‘காஸ்பர் ஹவுசர் நிஜமாகவே இளவரசன் இல்லையாமே?’ என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டுவிட்டேன். பாட்டி பையைக் கீழே வைத்தார். ‘இளவரசனாவது ஒன்னாவது, அவன் ஒரு மோசடிப் பயல்’ என்று ஆரம்பித்து, பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னது, அவருடைய அம்மா சொன்னது, அன்ஸ்பாக்குக்குப் பள்ளிச் சுற்றுலா போனது என்று படிக்கட்டிலேயே கச்சேரி. எனக்குப் பாதிதான் பிடிபட்டது. ஏனென்றால் பாட்டி பேசுவது ஃபிராங்கோனிய வழக்கு, இந்தப் பக்கத்து வட்டாரப் பேச்சு. பாட்காஸ்டில் பேசுகிறவர்கள் எல்லாரும் திருத்தமான ஜெர்மன் பேசுகிறார்கள், நிஜ உலகத்தில் பலர் பேசுவதில்லை. இயர்போன் ஜெர்மனை நம்பிக் கடைக்குப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

ஆனால் ஃபிராங்கோனிய வழக்கில் நமக்கு ஒரு சலுகை உண்டு. இவர்கள் ‘பாம்பு’வில் வருகிற இரண்டு ‘ப’ ஒலிகளையும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள், எல்லாவற்றையும் மெலித்தே உச்சரிப்பார்கள். ‘ட’வும் அப்படித்தான். எழுத்துக் கூட்டிச் சொல்லும்போது ‘வல்லின ப’வா, ‘மெல்லின ப’வா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வார்கள். ஜெர்மன் வகுப்பில் இந்த இரண்டையும் குழப்பியதற்காக நான் வாங்கிய பேச்சு கொஞ்சநஞ்சமில்லை. கடைசியில் வந்து சேர்ந்த ஊரில் யாருமே அதைப் பிரிப்பதில்லை!

பாட்டிக்கும் பாட்காஸ்ட் தெரிந்திருந்தது. 2020 பிப்ரவரி கடைசியில் வட ஜெர்மன் வானொலியான என்டிஆர், கொரோனா பற்றி ஒரு தொடர் ஆரம்பித்தது. வைரஸ் ஆய்வாளர் கிறிஸ்டியான் ட்ரோஸ்டன் அதில் ஆரம்பத்தில் வார நாட்களில் தினமும் பேசினார். வெளியே போக முடியாத அந்த மாதங்களில் பாட்டியின் மகள் அதை அவருடைய ஃபோனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறார். ‘அவர் பேசினால் பயம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனால் விவரம் புரிந்தது’ என்றார் பாட்டி. அறிவியல் நிகழ்ச்சிக்கு இதைவிட நல்ல பாராட்டை நான் கேட்டதில்லை.

குளிர்காலம் வந்ததும் பழக்கம் முற்றிவிட்டது. டிசம்பரில் இங்கே நாலேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. துளை போடுவது, ஆணி அடிப்பது கூடாது. வீட்டுக்குள் காய் நறுக்கிக்கொண்டு கேட்பதற்கென்றே அமைந்த நாடு. ‘டி ட்ஸைட்’ பத்திரிகை 2018-இல் தொடங்கிய குற்றவியல் பாட்காஸ்ட் ஒன்று உண்டு, நிஜ வழக்குகளை எடுத்து அலசுவார்கள். அதை ராத்திரி கேட்கப் போய், அடித்தளத்தில் இருக்கிற வாஷிங் மெஷினில் துணி எடுக்கப் போக முடியாமல் ஆகிவிட்டது. இப்போது குற்றம் பகலில் மட்டும்.

அம்மா ஒரு நாள் ஃபோனில், ‘ஏட்டி, வீட்டுக்குள்ள ஆம்பளக் குரல் கேக்கு, யாரு வந்திருக்கா?’ என்றாள். ரெண்டு பேர் பேசுகிறார்கள், பென்ஷன் பற்றி, என்றேன். யாருடைய பென்ஷன் என்று கேட்டாள். ஜெர்மன்காரர்களுடையது என்றதும் நிம்மதியாகிவிட்டாள்.

இதில் கைமேல் பலனும் உண்டு. நீலக் கார்டில் இருப்பவர்கள் ஏ1 என்கிற ஆரம்பநிலை ஜெர்மன் வைத்திருந்தால் 27 மாதத்தில் நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கு இரண்டு படி மேலான பி1 இருந்தால் 21 மாதமே போதும். கோயத்தே நிறுவனத்தின் பி1 தேர்வில் கேட்டல் தனிப் பகுதி, 40 நிமிடம், நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. சில ஒலிப்பதிவுகளை ஒரே தடவைதான் போடுவார்கள், அதில்தான் பலர் கவிழ்கிறார்கள். எனக்கு எழுதுவதைவிடக் கேட்பதில் நல்ல மதிப்பெண் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை.

ஆனால் அந்தச் சான்றிதழைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. யு3-இல் ஃப்ரீட்ரிஷ் ஏபர்ட் சதுக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தேன். இயர்போனில் சார்ஜ் இல்லை. முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஒருத்தி பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேக் அச்சு இரவல் கொடுத்திருக்கிறாள். நாளாகித் திரும்பி வந்தது அதே அச்சு இல்லை. அதே அளவு, ஆனால் அடியில் கீறல் விழுந்த வேறொன்று. கேட்டால் இதுதான் நீ கொடுத்தது என்கிறாளாம். மற்றவள் கொதிக்கிறாள், அதை எடுத்துக்கொண்டு நேரே போய் நில் என்கிறாள். இவள் அதெல்லாம் வேண்டாம், கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். எனக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது! கிறிஸ்துமஸுக்கு அப்படி என்ன செய்யப்போகிறாள் என்று தெரிவதற்குள் ப்ளேரர் ஸ்டேஷன் வந்து இருவரும் இறங்கிவிட்டார்கள். கூடவே இறங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

தமிழ் பாட்காஸ்ட் கேட்கக் கூடாதா என்று தங்கை கேட்கிறாள். கேட்கிறேன், ஆனால் தமிழ் ஓடினால் கை வேலை நின்றுவிடுகிறது. பேசுகிறவர் தப்பாகச் சொன்னால் பதில் சொல்லத் தோன்றுகிறது, வாய்விட்டுச் சொல்லியும் விடுகிறேன். ஜெர்மனில் இன்னும் அந்த உரிமை வரவில்லை.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது அதே ‘டி ட்ஸைட்’ பத்திரிகையின் நீண்ட பேட்டித் தொடர். ‘எல்லாம் சொல்லியாச்சா?’ என்கிற அர்த்தத்தில் பெயர். நேரக் கட்டுப்பாடு கிடையாது. விருந்தினர் ஆரம்பத்தில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும், அந்தச் சொல்லை அவர் வாயால் சொன்ன கணத்தில் பேட்டி முடிந்துவிடும். சொல்லாதவரை பேசிக்கொண்டே இருக்கலாம். எட்டு மணி நேரத்தைத் தாண்டிய பேட்டியும் இருக்கிறது. துணி தேய்க்கும்போது கொஞ்சம், நடக்கும்போது கொஞ்சம் என்று துண்டு துண்டாகக் கேட்கிறேன். ஒரு ஆளால் அத்தனை நேரம் பேச முடியுமா என்று பாட்டிக்குச் சந்தேகம். எங்கள் அம்மாவை உட்கார வைத்தால் முடியும் என்றேன். ஒரே சிக்கல், அவளுடைய முடிவுச் சொல் ‘சரி, வைக்கட்டா?’ அதைச் சொன்ன பிறகுதான் அவள் உண்மையான விஷயத்துக்கே வருவாள்.