அப்பாவோட செருப்பு

மார்ச் 4
இன்னைக்கும் அப்பா ஒத்தக் கால் செருப்போட வந்து வாசல்ல நிக்கிறாரு. இன்னொன்னு எங்கப்பான்னா குனிஞ்சு பாத்துட்டு "அட, எங்க கழண்டுச்சு"ங்குறாரு. பால் பூத்துகிட்ட கெடந்துச்சு, போய் எடுத்துட்டு வந்தேன். மூணாவது தடவ இது. அம்மா சிரிச்சாங்க, நானும்தான் சிரிச்சேன்.

மார்ச் 19
முப்பது வருஷம் கண்டக்டரா ஓடுற பஸ்ல நின்ன மனுஷன், இடுப்பு போகாம என்ன செய்யும்னு நாங்களும் நெனச்சோம், காட்டுன டாக்டரும் அதையேதான் நெனச்சாரு. இடுப்புக்கு எம்ஆர்ஐ. கீழ்முதுகுல எல்4, எல்5ங்குற எலும்புகளுக்கு நடுவுல இருக்குற டிஸ்க் லேசா பிதுங்கிருக்காம், வயசானா நெறய பேருக்கு இருக்கும், பெல்ட் போடுங்கன்னு அனுப்பிட்டாங்க. ஆனா இவருக்கு இடுப்பு வலியே பெருசா இல்ல, வயித்த சுத்தி யாரோ கயிறு போட்டு இறுக்குன மாதிரி இருக்குங்குறாரு, பெல்ட்ட கழட்டி வச்சப்புறமும். அம்மா கேஸ்னு முடிவு பண்ணி ஓமத்தண்ணி போட்டுக் குடுத்தாங்க.

ஏப்ரல் 7
மூஞ்சிக்கு சோப்பு போட்டு கண்ண மூடுனாரு, அப்படியே செவுத்துல சாஞ்சுட்டாரு. மயக்கம்லாம் இல்லையாம், "கால் எங்க இருக்குன்னே தெரியல பாப்பா". பயமா இருக்கு.

ஏப்ரல் 11
நியூரோ டாக்டர். முட்டிக்குக் கீழ சுத்தியலால லேசாத்தான் தட்டுனாரு, கால் எகிறி ஒதைக்குது. அப்புறம் உள்ளங்கால்ல சாவியால கோடு இழுத்தாரு, பெருவிரல் கீழ மடங்காம மேல தூக்குச்சு. அதுக்குப் பேரு பாபின்ஸ்கி, மூளையிலயோ தண்டுவடத்துலயோ கோளாறுன்னா விரல் இப்படித் தூக்குமாம். 1896ல பாபின்ஸ்கிங்குற டாக்டர் எழுதி வச்சதாம், இன்னமும் ஒரு சாவி போதும் கண்டுபிடிக்க. ஊசியால கால்லேருந்து குத்திக்கிட்டே மேல வந்தாரு, தொப்புள் வரைக்கும் மழுங்கலாத்தான் தெரியுது, அதுக்கு மேல சுருக்குங்குது. தொப்புள்னா நடுமுதுகுலேருந்து வர்ற டி10ங்குற நரம்பு. இடுப்புல நரம்பு மாட்டுனா கால் தொவண்டு போகும், இவருக்கு வெறைப்பா இருக்கு, அப்போ கோளாறு மேலன்னாரு. தண்டுவடமே இடுப்புக்கு மேல, எல்1 எல்2 எலும்பு பக்கம் முடிஞ்சு போகுதாம், அதுக்குக் கீழ வெறும் நரம்புக் கத்தைதான். நாங்க எடுத்த படம் பெரும்பாலும் அதத்தான் பாத்துச்சு.

ஏப்ரல் 13
முழு முதுகுக்கும் ஸ்கேன். நடுமுதுகுல டி10 டி11 கிட்ட எலும்பு கொஞ்சம் பின்னால நகந்துருக்கு, பின்னாடி இருக்குற தசைநாரும் தடிச்சுப் போச்சு, ரெண்டும் சேந்து தண்டுவடம் போற எலும்புக் குழாய நெருக்கி தண்டுவடத்த அமுக்குது. நடுமுதுகுல எலும்பு நகர்றது அபூர்வம்தானாம், விலாக்கூடு பிடிச்சு வச்சிருக்கும், ஆனா கடைசி ரெண்டு விலா முன்னால எதுலயும் ஒட்டாம தொங்குதே, அந்தப் பக்கம் புடி கம்மி. அங்க குழாயும் குறுகல்தான், கொஞ்சம் நகந்தாலே போதும். அப்பா கேட்டுட்டு, "அதாவது வண்டி பாபநாசத்துல மாட்டிக்கிச்சு, நாம மாயவரம் ஸ்டாண்டுல நின்னு ஏன் வரலன்னு கேட்டுட்டு இருந்தோம்"னாரு. டாக்டருக்கே சிரிப்பு.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் சொல்றாரு, ரெண்டு மாசமா ஒண்ணுக்கு வந்தா அடக்க முடியலையாம். சொல்றதுக்கு வெக்கமாம்! டாக்டர் கேட்டப்பவும் இல்லன்னு தலையாட்டுனவரு. கோவத்துல பேசாம இருந்துட்டேன், நாளைக்கு வருஷப்பிறப்பு வேற.

ஏப்ரல் 22
ஆபரேஷன். பின்பக்க எலும்ப எடுத்துட்டு ஸ்குரூ, ராடு வச்சு நகந்தத நிறுத்தியாச்சு. உள்ள இருக்கும்போதே கால் நரம்புக்கு சிக்னல் போகுதான்னு மானிட்டர் வச்சுப் பாத்துக்கிட்டே செஞ்சாங்களாம். முன்னாடியே தெளிவா சொல்லிட்டாரு, இது மேல மோசமாகாம இருக்கத்தான், போனதுல எவ்வளவு திரும்பும்னு கேக்காதீங்கன்னு. நான் கேட்டேன், கேக்காம எப்படி.

ஏப்ரல் 25
ஒண்ணுக்குப் போக வச்சிருந்த டியூப எடுத்துட்டாங்க, தானா போறாரு. இட்லி ரெண்டு.

மே 9
பிசியோ பையன் கோட்டு மேல நடக்கச் சொல்றான், இவரு "ரைட் ரைட்"னு தனக்குத்தானே விசில் குடுத்துக்கிட்டு வாக்கர தள்ளுறாரு. வெறைப்பு கொறையல. ராத்திரி கால் தானா துள்ளுது, நானும் அம்மாவும் மாத்தி மாத்தி பிடிச்சுக்கிறோம்.

மே 30
பின்னால வார் வச்ச செருப்பு வாங்கிக் குடுத்தேன், போட மாட்டேங்குறாரு, ஸ்கூல் புள்ள மாதிரி இருக்காம். பழசப் போட்டுக்கிட்டு வாக்கரோட தெரு முனை வரைக்கும் போனோம். நடுவுல நின்னு, "பாப்பா, எடது செருப்பு கழண்டுருச்சு, எடுத்துக் குடு"ன்னாரு. நான் குனியும்போதுதான் பாக்குறேன், வலது செருப்பு நாலு அடி பின்னால கெடக்கு, அத அவரு கவனிக்கல.